தூசியில் தாமிரம் கிடைத்தது; பாஷாணம் எங்கே?

பள்ளி இறுதி வகுப்பில் தாமிரத்தைப் பிரித்தெடுக்கும் பாடத்தைப் படித்த வாசகர்களுக்கு ஒரு படம் நினைவிருக்கும். ஒரு பக்கத்தில் தாது உலைக்குள் போகிறது. அடியில் மேட் எனப்படும் உருகிய சல்பைடு தேங்குகிறது. அதன்மேல் கசடு மிதக்கிறது. உச்சியில், புகைபோக்கியின் வாயில், ஓர் அம்புக்குறி. அருகில் 'வெளியேறும் வாயுக்கள்' என்ற சொற்கள். அம்புக்குறி காகிதத்தின் வெள்ளைப் பரப்பில் முடிந்துவிடுகிறது. அது எங்கே போய்ச் சேர்கிறது என்று எந்தப் பரீட்சையிலும் கேட்பதில்லை.

இதற்கு எதிர்த்திசையில் இன்னொரு வகை எழுத்து உண்டு. பத்திரிகைகளின் அறிவியல் பகுதிகளிலும், மாணவர்களின் ஆய்வுத் திட்ட அறிக்கைகளிலும், கருத்தரங்கு மலர்களிலும் அதைக் காணலாம். 'கழிவு காசாகிறது', 'புகைபோக்கியில் புதையல்' என்பன போன்ற தலைப்புகளில் அது வரும். கதை எப்போதும் ஒன்றே. உருக்காலையிலிருந்து நச்சுத் தூசி வெளியேறுகிறது. அதில் விலையுயர்ந்த உலோகங்கள் வீணாகின்றன. தூசியை அமிலத்தில் ஊறவைத்தால் 98 சதவீத உலோகம் திரும்பக் கிடைக்கிறது. பணமும் வந்தது, சுற்றுப்புறமும் தூய்மையாயிற்று. முடிவில் 'சுபம்' என்று போடாததுதான் குறை.

பாடநூல் தூசியையே மறந்துவிடுகிறது. இந்தக் கட்டுரைகளோ தூசியை நினைவில் வைத்துக்கொண்டு, அதிலுள்ள பாஷாணத்தை மறந்துவிடுகின்றன. இரண்டில் எது பெரிய குறை என்று கேட்டால் இரண்டாவதையே நான் சொல்வேன். ஏனெனில் அது பாதிக் கணக்கைக் காட்டி முழுக் கணக்கு என்று வாசகனை நம்பவைக்கிறது. இவ்வாறு கூறுவதால், உலைத்தூசியை அமிலத்தால் கரைத்துப் பிரிக்கும் வேதிக் கழுவுதல் முறைக்கு நான் எதிரி என்று எண்ணிவிட வேண்டாம். தாமிர உருக்காலைத் தூசிக்கு இன்று நாம் அறிந்த வழிகளில் அதுவே மிக நல்லது என்பது என் கருத்து. ஆனால் அது ஏன் நல்லது என்பதற்கு இக்கட்டுரைகள் கூறும் காரணம் தவறு. அதைத்தான் இங்கே உங்களோடு சேர்ந்து ஆராய விரும்புகிறேன்.

தூசி பிறக்கும் விதம்

தாமிர உலையின் வெப்பநிலை 1,200 பாகை செல்சியசைத் தாண்டும். அங்கே தூசி இரண்டு வழிகளில் உண்டாகிறது. முதல் வழி எளியது. காற்று வீசும் களத்தில் உமியைக் கொட்டினால் என்ன ஆகும்? அதுபோலவே, மாவாக அரைத்த தாதுவின் ஒரு பகுதி முழுதும் உருகுமுன் வாயுவோடு எழுந்து பறந்துவிடுகிறது. தூசியிலுள்ள தாமிரத்தின் பெரும்பகுதி இப்படிப் பறந்து சென்றதே.

இரண்டாவது வழி ஆவியாதல். தாதுவில் தாமிரம், இரும்பு, கந்தகம் ஆகியவற்றுடன் ஆர்சனிக், காரீயம், துத்தநாகம், காட்மியம், பிஸ்மத் ஆகியவையும் சிறிதளவு கலந்திருக்கும். எனார்கைட் என்ற தாமிரத் தாதுவில் ஆர்சனிக் தாதுவின் அங்கமாகவே அமைந்திருக்கிறது. உலையில் ஆர்சனிக் ஆக்சிஜனோடு கூடி ஆர்சனிக் டிரையாக்சைடு ஆகிறது. நம் நாட்டு மருத்துவத்தில் வெள்ளைப் பாஷாணம் என்று வழங்கும் பொருள் இதுவே. ஏறத்தாழ 465 பாகையிலேயே கொதித்துவிடும் இப்பொருள், 1,200 பாகை உலையில் ஆவியாக இல்லாமல் வேறெப்படி இருக்க முடியும்? காட்மியம் 767 பாகையிலும் துத்தநாகம் 907 பாகையிலும் கொதிக்கும். ஆவிகள் புகைவழியில் குளிரும்போது மிக நுண்ணிய துகள்களாக உறைகின்றன.

எவ்வளவு நுண்ணியவை? ஒரு மைக்ரான் அளவுள்ள, அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு விட்டமுள்ள துகளை எடுத்துக்கொள்வோம். நீரைப் போல் ஐந்து மடங்கு அடர்த்தி அதற்கு இருக்கட்டும். ஸ்டோக்ஸ் விதியைப் பயன்படுத்தி அதன் முற்றுத் திசைவேகத்தைக் கணக்கிட்டால் வினாடிக்கு 0.15 மில்லிமீட்டர் வருகிறது. அசையாத காற்றில்கூட, நூறு மீட்டர் உயரத்திலிருந்து தரைக்கு வர ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். காற்று ஒரு வாரத்தில் எத்தனை ஊர்களைக் கடக்கும் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். படத்தில் பாதியில் நின்றுபோன அம்புக்குறி அங்கெல்லாம் போகிறது.

இந்த அம்புக்குறியை முழுதாக வரைந்த பழைய நூல் ஒன்று உண்டு. ஜெர்மானிய அறிஞர் அக்ரிகோலா சுரங்கத் தொழிலையும் உலோகத் தொழிலையும் பற்றி லத்தீனில் எழுதிய பெருநூல், அவர் இறந்த மறு ஆண்டு, 1556இல் வெளிவந்தது. அதன் ஒன்பதாம் பகுதியில், உலைகளின் புகையை ஒரு பெரிய அறைக்குள் செலுத்தி, உலோகத் துகள்களைச் சுவரில் படியவைத்துச் சேர்க்கும் அமைப்பை அவர் விவரிக்கிறார். அதை 1912இல் மனைவியோடு சேர்ந்து ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த ஹெர்பர்ட் ஹூவர் பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதி ஆனார் என்பது ஒரு சுவையான செய்தி. 1556இல் அச்சேறிய ஒரு விஷயம் நம் பாடப் படத்தில் இடம்பெறாதது எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

தூசியறை பெரிய துகள்களைத்தான் பிடிக்கும். நுண்துகள்கள் தப்பிவிடும். அவை தப்பினால் என்ன நேரும் என்பதற்கு அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்து அனகோண்டா நகரம் சாட்சி. அங்கே 1902இல் பெரிய தாமிர உருக்காலை ஒன்று தொடங்கிற்று. சிறிது காலத்திலேயே பள்ளத்தாக்கில் மேய்ந்த கால்நடைகள் மடியத் தொடங்கின. ஆலையினர் குன்றின்மேல் உயர்ந்த புகைபோக்கியும் நீண்ட புகைவழியும் கட்டினர். பிறகு ஹார்கின்ஸ், ஸ்வைன் என்ற இரு வேதியியலார் அந்தப் புகையை அளந்தனர். நாளொன்றுக்கு ஏறத்தாழ 27 டன் ஆர்சனிக் டிரையாக்சைடு வெளியேறுவதாக அவர்கள் கண்டனர். உழவர்கள் தொடுத்த வழக்கு 1909இல் ஆலைக்குச் சாதகமாகவே முடிந்தது. உயர்ந்த புகைபோக்கி பாஷாணத்தைக் குறைக்கவில்லை. அதைப் பங்கிட்டுக்கொள்ளும் ஊர்களின் எண்ணிக்கையைக் கூட்டிற்று.

நுண்துகளைப் பிடிக்க வழி காட்டியவர் கலிபோர்னியாவைச் சேர்ந்த ஃபிரெடரிக் காட்ரெல். மெல்லிய கம்பிக்கு உயர்மின்னழுத்தம் கொடுத்தால் அதைச் சுற்றி ஒளிவட்ட மின்னிறக்கம் ஏற்படும். அப்போது தோன்றும் அயனிகள் தூசித் துகளில் ஒட்டி அதற்கு மின்னூட்டம் தருகின்றன. ஈர்ப்பு விசை ஒரு வாரத்தில் தரைக்குக் கொண்டுவரும் துகளை, மின்விசை ஒருசில வினாடிகளில் தகட்டுக்கு இழுத்துவிடுகிறது. இந்த நிலைமின் வீழ்படிவாக்கிக்கு அவர் 1908இல் காப்புரிமை பெற்றார். அனகோண்டாவில் 1919இல் எழுப்பிய 585 அடிப் புகைபோக்கியோடு இக்கருவிகளும் சேர்ந்தன. அந்த உருக்காலை 1980இல் மூடப்பட்டது. ஆனால் மண்ணில் படிந்தது மூடப்படவில்லை. அருகிலிருந்த மில் கிரீக் என்ற சிற்றூரில் குழந்தைகளின் சிறுநீரில் ஆர்சனிக் மிகுதியாகக் காணப்பட்டதால், 1980களின் பிற்பகுதியில் அவ்வூர் மக்கள் அனைவரும் வேறிடங்களில் குடியமர்த்தப்பட்டனர்.

பிடித்த தூசியை என்ன செய்வது?

புகையிலிருந்து பிடித்தாயிற்று. இப்போது நம் கையில் டன் கணக்கில் தூசி இருக்கிறது. அதில் தாமிரம் உண்டு என்பதால், மறுபடியும் உலையிலேயே போட்டுவிடலாமே என்று தோன்றும். பல ஆலைகளில் அப்படித்தான் செய்கிறார்கள். அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. மாணவர்கள் இதை ஒரு கணக்காகவே போட்டுப் பார்க்கலாம்.

நாள்தோறும் தாதுவோடு ஒரு டன் ஆர்சனிக் உலைக்குள் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். உலைக்குள் போகும் ஆர்சனிக்கில் நான்கில் மூன்று பங்கு தூசிக்கும், கால் பங்கு கசடுக்கும் மேட்டுக்கும் செல்வதாகக் கொள்வோம். தூசி முழுவதையும் மறுநாள் உலைக்கே திருப்பினால் உள்ளே போகும் அளவு 1 + 3/4 + 9/16 + ... என்று வளரும். இது நீங்கள் படித்த பெருக்குத் தொடர்தான், கூட்டுத்தொகை 4. ஆகவே சில நாட்களில் உலைக்குள் தினமும் 4 டன் ஆர்சனிக் போகும். தூசியில் 3 டன் சுற்றிக்கொண்டே இருக்கும். தினமும் புதிதாக வரும் ஒரு டன்னும் இறுதியில் கசடிலும் தாமிரத்திலும்தான் வெளியேறியாக வேண்டும். பாஷாணத்தை விரட்ட உலைக்குள் போட்டோம். அது தாமிரத்துக்குள்ளேயே குடிபுகுந்துவிட்டது.

இந்தச் சுற்றை எங்காவது வெட்டியாக வேண்டும். வெட்டும் இடம்தான் வேதிக் கழுவுதல். வாசகர்கள் இதை நன்றாக மனத்திற்கொள்ள வேண்டும். தூசியைக் கழுவுவதன் முதல் நோக்கம் ஆர்சனிக்கை உலைச் சுற்றிலிருந்து வெளியேற்றுவது. தாமிரம் அந்தச் செலவைத் தாங்கும் துணைவருமானம்.

ஒரு காலத்தில் ஆர்சனிக்குக்கே சந்தை இருந்தது. தூசியைச் சூடாக்கி, பாஷாணத்தை ஆவியாக்கி, குளிரவைத்துத் தூய்மைப்படுத்தி விற்றார்கள். பருத்திப் பூச்சிகளுக்கு அது மருந்தாயிற்று. மரம் உளுத்துப்போகாமல் காக்கும் கலவையில் சேர்ந்தது. பூச்சிமருந்துச் சந்தை வேறு மருந்துகளுக்குப் போய்விட்டது. வீடுகளுக்கான மரத்தில் ஆர்சனிக் கலவை பூசுவதை அமெரிக்கத் தயாரிப்பாளர்கள் 2003ஆம் ஆண்டின் முடிவோடு கைவிட்டார்கள். வாங்குவதற்கு ஆள் குறைந்தவுடன், நேற்றுவரை சரக்காக இருந்தது இன்று கழிவாயிற்று. பொருள் மாறவில்லை, அதற்கிருந்த விலைதான் மாறிற்று.

கழுவும் முறையைச் சுருக்கமாகக் காண்போம். தூசியிலுள்ள தாமிரத்தில் ஒரு பகுதி, புகைவழியிலேயே கந்தக டையாக்சைடோடும் ஆக்சிஜனோடும் கூடிச் சல்பேட்டாக மாறியிருக்கும். அது வெறும் நீரிலேயே கரையும். கரைசல் நீலமாகத் தெரியும். நாம் அறிந்த மயில்துத்தக் கரைசல்தான் அது. ஆக்சைடாக உள்ள பகுதி நீர்த்த கந்தக அமிலத்தில் கரைகிறது. சல்பைடாகவே பறந்து வந்த பகுதி அவ்வளவு எளிதில் கரையாது. அதற்கு ஆக்சிஜனேற்றியும் வேண்டும். காரீயம் கரையாத சல்பேட்டாக அடியில் நின்றுவிடும். கரைசலிலிருந்து தாமிரத்தை மட்டும் கரிமக் கரைப்பானுக்கு இழுத்து, பிறகு மின்பகுப்பால் தகடாகப் படியவைக்கலாம். பழைய இரும்பைப் போட்டும் தாமிரத்தைப் படியவைக்கலாம். சீனாவில் சோங் மன்னர் காலத்திலேயே இவ்வாறு தாமிரம் எடுத்தார்கள்.

தொல்லை எங்கே என்றால், தாமிரத்தைக் கரைக்கும் அமிலம் ஆர்சனிக்கையும் கரைத்துவிடுகிறது. தூசியாக இருந்தவரை அது ஒரு குவியல். இப்போது அது ஒரு திரவம். திரவத்துக்கு ஓடத் தெரியும்.

98 சதவீதம், எதில்?

மாணவர்களின் ஆய்வு அறிக்கைகளில் நான் அடிக்கடி காணும் ஒரு வாக்கியம் உண்டு: '5 கிராம் தூசியை 500 மில்லிலிட்டர் அமிலத்தில் இட்டு இரண்டு மணி நேரம் கலக்கியதில் 98 சதவீத உலோகம் கரைந்தது.' சோதனையில் பிழையில்லை, எண்ணும் உண்மையே. ஆனால் ஒரு கிராமுக்கு 100 மில்லிலிட்டர் என்றால், ஒரு டன் தூசிக்கு ஒரு லட்சம் லிட்டர் அமிலம். நாளொன்றுக்கு நூறு டன் தூசி வரும் ஆலையில் ஒரு கோடி லிட்டர்! அவ்வளவு நீர்த்த கரைசலிலிருந்து உலோகத்தை எடுக்கும் செலவை யார் ஏற்பது? ஆலையில் இதைவிடப் பல மடங்கு கெட்டியான குழம்பாகத்தான் கலக்க முடியும். அப்போது கரைதிறன் முன்போல் இராது, வடிகட்டுவதும் கடினம். முகவையில் வந்த 98 தொட்டியில் வராது.

இரண்டாவது கேள்வி, நூறு என்று எதை எடுத்துக்கொண்டார்கள் என்பது. எஃகு ஆலைகளின் மின்வில் உலைத் தூசி இதற்கு நல்ல உதாரணம். அதில் துத்தநாகம் இருவகையாக இருக்கும். ஒரு பகுதி ஆக்சைடு. அது நீர்த்த அமிலத்தில் உடனே கரையும். இன்னொரு பகுதி இரும்போடு பிணைந்த ஃபெர்ரைட். அது நீர்த்த அமிலத்துக்கு எளிதில் அசைந்து கொடுக்காது. பாதித் துத்தநாகம் ஃபெர்ரைட்டாக இருக்கும் தூசியில், 'கரையக்கூடிய துத்தநாகத்தில் 98 சதவீதம்' என்றால் மொத்தத்தில் 49 சதவீதமே. 'கரையக்கூடிய' என்ற ஒரு சொல் அறிக்கையின் சுருக்கத்தில் விடுபட்டுப்போனால், எண் இரட்டித்துவிடுகிறது. பத்திரிகைக்கு வரும்போது அச்சொல் பெரும்பாலும் விடுபட்டே வருகிறது.

மூன்றாவது கேள்விதான் முக்கியமானது. மீதி எங்கே? வாருங்கள், ஒரு கணக்குப் போடுவோம். நூறு டன் தாமிர உலைத்தூசி. அதில் 20 டன் தாமிரம், 10 டன் ஆர்சனிக் என்று கொள்வோம். இவை உதாரணத்துக்கான எண்கள். ஆலைக்கு ஆலை மாறும். தாமிரத்தில் 95 சதவீதம் கிடைத்தால் 19 டன். இதுவரைதான் பத்திரிகைச் செய்தி. கரையாமல் நின்ற காரீயச் சல்பேட், பிஸ்மத், மணல் முதலியவை 30 டன் இருக்கட்டும். மீதமுள்ள கந்தகம், இரும்பு, துத்தநாகம் முதலியன கரைசலில் இருக்கின்றன. அதற்குச் சுண்ணாம்பிட்டால் ஜிப்சச் சேறாக வந்து தனிக் குவியல் ஆகும். அந்த 10 டன் ஆர்சனிக்கை என்ன செய்வது? கரைசலில் விட முடியாது. இரும்போடு சேர்த்து ஸ்கோரோடைட் என்ற படிகமாக்கினால், அப்படிகத்தில் ஆர்சனிக் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. எனவே 10 டன் ஆர்சனிக் ஏறத்தாழ 31 டன் படிகமாகிறது. அதற்கு குறைந்தது ஏழரை டன் இரும்பு செலவாகும். ஆர்சனிக் முழுவதும் மூவிணைதிறன் நிலையில் இருந்தால், அதை ஐயிணைதிறன் நிலைக்கு உயர்த்த நாலரை டன் தூய ஹைட்ரஜன் பெராக்சைடும் வேண்டும்.

ஆக, பாஷாணம் எடை குறைந்து மறையவில்லை. மூன்று மடங்கு எடையுள்ள உருவத்தில் வந்து நிற்கிறது. 'கழிவே இல்லாத தொழில்நுட்பம்' என்று எழுதுபவர்கள் இந்த 31 டன்னை எந்தக் கிடங்கில் மறைத்து வைத்திருக்கிறார்கள் என்று கேட்கும் உரிமை வாசகருக்கு உண்டு.

இத்தனை செலவு செய்து எடையைக் கூட்டுவானேன்? காரணம் கரைதிறன். ஆர்சனிக் டிரையாக்சைடு, அறை வெப்பநிலையில் லிட்டருக்கு ஏறத்தாழ 20 கிராம் நீரில் கரையும். அதில் ஆர்சனிக் மட்டும் 15 கிராம். உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்குப் பரிந்துரைத்துள்ள எல்லை லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். அப்படியானால் தூசிக் குவியலில் ஊறி வழிந்த ஒரு லிட்டர் நீர், 15 லட்சம் லிட்டர் நல்ல நீரை எல்லைவரை கெடுக்கப் போதும். உரிய சூழ்நிலையில் ஸ்கோரோடைட்டிலிருந்து கரைவதோ லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்கும் குறைவு. இதுவே வேதிக் கழுவுதலின் உண்மையான சாதனை. அதன் தலைசிறந்த விளைபொருள், யாரும் விலைகொடுத்து வாங்காத அந்தப் பச்சை கலந்த படிகம்.

ஸ்கோரோடைட்டுக்கு முன்னர் மலிவான வழி ஒன்று நடைமுறையில் இருந்தது. கரைசலில் சுண்ணாம்பைக் கொட்டினால் கால்சியம் ஆர்சனேட் வீழ்படிவாகும். தெளிந்த நீரைச் சோதித்தால் ஆர்சனிக் மிகக் குறைவு. எல்லோருக்கும் திருப்தி. பின்னர்தான் அதன் பலவீனம் தெரியவந்தது. காற்றிலுள்ள கரியமில வாயு கால்சியம் ஆர்சனேட்டை மெல்ல மெல்லக் கால்சியம் கார்பனேட்டாக மாற்றிவிடுகிறது. ஆர்சனிக் மீண்டும் நீருக்குள் போகிறது. நம் வீட்டுச் சுவரில் பூசிய சுண்ணாம்பை இறுகவைக்கும் அதே வாயுதான் இங்கே பூட்டைத் திறந்துவிடுகிறது. அமெரிக்காவில் அபாயக் கழிவைத் தரம்பிரிக்கும் அரசுச் சோதனை ஒன்று, கழிவை நீர்த்த அசெட்டிக் அமிலத்தில் சுமார் 18 மணி நேரம் சுழலவிட்டு, கரைந்ததை அளக்கிறது. அன்றாட நடைமுறைக்கு அது பயன்படும், குறை சொல்வதற்கில்லை. ஆனால் 18 மணி நேரத்தில் தேறிய ஒரு பொருள் பல தலைமுறைகளுக்கு நிலைக்கும் என்று கட்டுரை எழுதுவது சோதனையின் குற்றமாகாது, எழுதியவரின் குற்றம்.

ஒரு நல்ல உதாரணம், அதன் எல்லைகள்

சிலி நாட்டின் வடக்கே ஆட்டகாமா பாலைவனத்தில், கலாமா நகருக்கு அருகில், எக்கோமெட்டாலெஸ் என்ற நிறுவனம் இப்பணியைச் செய்துவருகிறது. இது அந்நாட்டு அரசுத் தாமிர நிறுவனமான கோடெல்கோவின் கிளை. பாக்டீரியாக்களைக் கொண்டு தாதுவைக் கரைக்கும் முன்மாதிரி ஆலையாக முதலில் கட்டப்பட்ட இடம், பின்னர் உலைத்தூசியைக் கரைக்கும் ஆலையாக மாறிற்று. 2012 முதல் அங்கே ஆர்சனிக்கை ஸ்கோரோடைட்டாக வீழ்படியச் செய்யும் பிரிவும் இயங்கத் தொடங்கியது. உருக்காலையின் வாயுவைக் கழுவும்போது வரும் ஆர்சனிக் கலந்த கழிவு அமிலமும் அங்கே தூசியோடு சேர்த்துக் கையாளப்படுகிறது. இது எனக்கு மிகவும் பிடித்த அம்சம். ஒரு கழிவைக் கரைக்க இன்னொரு கழிவு உதவுகிறது. இரண்டிலும் உள்ள ஆர்சனிக் ஒரே இடத்தில் பூட்டப்படுகிறது.

இவ்வாலை எழுந்ததற்கும் நீடிப்பதற்கும் தாமிர விலை மட்டும் காரணமாக இராது. உருக்காலைகள் தமக்குள் வரும் கந்தகத்திலும் ஆர்சனிக்கிலும் குறைந்தது 95 சதவீதத்தையேனும் பிடித்தாக வேண்டும் என்று 2013ஆம் ஆண்டின் சிலி நாட்டு ஆணை ஒன்று கூறுகிறது. புகையில் விட முடியாது என்றானபின், பிடித்த பாஷாணத்துக்கு இடம் தேடியே ஆக வேண்டும். 'கழிவு காசாகிறது' கட்டுரைகள் இந்தச் சட்டத்தைப் பற்றிப் பேசுவதே இல்லை. ஆராய்ச்சியாளரின் கெட்டிக்காரத்தனமும் சந்தையும் போதும் என்ற எண்ணத்தையே அவை உண்டாக்குகின்றன. அனகோண்டாவிலும் சந்தை இருந்தது, கெட்டிக்காரர்களும் இருந்தார்கள்.

ஸ்கோரோடைட்டும் எங்கும் செல்லுபடியாகும் நாணயம் அன்று. சற்றே அமிலத்தன்மையுள்ள, காற்றோட்டமான சூழ்நிலையில் அது நிலைத்து நிற்கும். காரத்தன்மை மிகுந்தால் சிதையும். ஆக்சிஜன் புகாமல் நீர் தேங்கிக் கிடந்தாலும் அதிலுள்ள இரும்பு இணைதிறன் குறைந்து கரையத் தொடங்கும். உடன் ஆர்சனிக்கும் புறப்பட்டுவிடும். ஆட்டகாமா உலகின் மிக வறண்ட பாலைவனங்களில் ஒன்று. அங்கே வெற்றிபெற்ற குவியலை, பருவமழை கொட்டி மாதக்கணக்கில் நீர் நிற்கும் ஒரு தாழ்நிலத்தில் அப்படியே கொண்டுவந்து போட்டால் அதே வெற்றி கிடைக்காது. தொழில்நுட்பத்தைப் பற்றி எழுதுவோர் அது இயங்கும் ஊரின் மழையளவையும் ஒரு வரி எழுதினால் நல்லது.

பாடநூல் எழுதுவோருக்கும் ஒரு வேண்டுகோள். அந்த அம்புக்குறியை அழிக்க வேண்டாம். அதை இன்னும் நான்கு அங்குலம் நீட்டுங்கள். கொதிகலன், வீழ்படிவாக்கி, கந்தக அமில ஆலை, கழுவும் தொட்டி, இறுதியில் ஒரு குவியல். அரைப் பக்கத்தில் அடங்கிவிடும். பெருக்குத் தொடர், ஸ்டோக்ஸ் விதி, ஒளிவட்ட மின்னிறக்கம், இணைதிறன் மாற்றம் ஆகிய நான்கையும் ஒரே படத்தில் கற்பிக்கவும் முடியும். தனித்தனி அதிகாரங்களில் உயிரற்றுக் கிடக்கும் இவை ஒன்றாக வேலை செய்வதை மாணவர்கள் பார்க்கட்டுமே.

கழுவாமல் விடுவதே மேல் என்று முடிவான ஓர் இடத்தையும் இங்கே கூறியாக வேண்டும். கனடாவின் வடபகுதியில் யெல்லோநைஃப் நகரையொட்டி ஜயன்ட் என்ற தங்கச் சுரங்கம் 1948 முதல் 2004 வரை இயங்கியது. அங்கே தாமிர உலை கிடையாது. ஆர்சனிக் கலந்த தங்கத் தாதுவை வறுக்கும் உலை 1999 வரை வேலை செய்தது. தொடக்க ஆண்டுகளில் பாஷாணம் புகையாகவே போயிற்று. 1951இல் அருகில் வாழ்ந்த பழங்குடிக் குழந்தை ஒன்று, ஆர்சனிக் படிந்த பனியால் நஞ்சேறி இறந்தது. அதன்பின் தூசியைப் பிடித்துப் பூமிக்கடியிலுள்ள அறைகளில் நிரப்பினார்கள். அவ்வாறு சேர்ந்தது 2,37,000 டன். அதில் சிறிது தங்கமும் இருக்கிறது. புதையல் கட்டுரைகளுக்கு இதைவிட நல்ல தலைப்பு கிடைக்குமா? தூசியை வெளியே எடுத்து, தங்கத்தைப் பிரித்து, ஆர்சனிக்கை இரும்போடு பிணைத்து நிலைப்படுத்தும் வழிகளும் ஆராயப்பட்டன. நுண்ணிய பாஷாணப் பொடியை அறைகளிலிருந்து எடுக்கும் பணியாளர்களுக்கு நேரும் ஆபத்தை எண்ணியும் செலவை எண்ணியும், இருந்த இடத்திலேயே உறையவைப்பது என்று முடிவு செய்தார்கள். அறைகளைச் சுற்றிலும் கரியமில வாயு அடைத்த குழாய்களை இறக்குகிறார்கள். கீழே திரவம் ஆவியாகி மேலே வரும். குளிர்காலக் காற்றில் வெப்பத்தை விட்டுவிட்டு மீண்டும் திரவமாகிக் கீழே இறங்கும். இதற்கு எஞ்சினும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். பாறையும் தூசியும் பனிக்கட்டியாக இறுகி, நீர் உள்ளே புகாமல் நிற்கும்.

இத்திட்டத்துக்கு 2014இல் ஒப்புதல் அளித்தபோது கனடா அரசு ஒரு நிபந்தனை விதித்தது. இது நிரந்தரத் தீர்வாகக் கருதப்படாது. காலவரம்பு 100 ஆண்டுகள். இருபது ஆண்டுக்கு ஒருமுறை திட்டம் மறுபரிசீலனைக்கு வரும். இடையில், ஆர்சனிக்கை நிலையாகப் பூட்டும் வழியைத் தேடும் ஆராய்ச்சிக்குத் தொடர்ந்து பணம் ஒதுக்க வேண்டும். கண்ணாடிக்குள் உருக்கிப் பூட்டுவதும் சிமெண்ட் குழம்பில் இறுக்குவதும் இப்போது அங்கே சோதிக்கப்படும் வழிகளில் சில.